நாப்-பேக்லியும் நம்ம ரத்தத்துல ஓடற அல்புமினும்

"நானோ மருந்துன்னு ஒண்ணு இருக்காமே, அது நேரா கட்டிக்குள்ள மட்டும் போய் அடிக்குமாமே, நகையை வச்சாவது அதையே போட்டுடலாமா மேடம்?" கீமோ மருந்து கலக்கற வேலையில இருக்கறதால இந்தக் கேள்வியை நிறைய கேட்டாச்சு. ஆனா கேக்கறவங்க முகத்தைப் பார்த்தா இன்னிக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஏன்னா நல்ல மருந்து ஒண்ணு இருந்தும் நம்ம வீட்டு மனுஷருக்கு வாங்கிக் கொடுக்காம விட்டுட்டோம்னு நாளைக்கு நெனைச்சு அழக்கூடாதேங்கற பயம் அதுல அப்படியே தெரியும். கவுன்டர்ல நின்னுக்கிட்டு ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கற விஷயமும் இல்ல. அதனாலதான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன்.

டாக்டருங்க எழுதற சீட்டுல அது நாப்-பேக்லின்னு இருக்கும், முழுப் பேரு நாப்-பேக்லிடாக்ஸல், மொதல்ல வந்த பிராண்டு அப்ராக்சேன். நம்ம ரத்தத்துலயே இருக்கற அல்புமின்ங்கற புரதத்தோட பேக்லிடாக்ஸல்ங்கற பழைய கீமோ மருந்தைச் சேர்த்து ரொம்பப் பொடித் துகளா ஆக்கி வச்சிருக்காங்க, அவ்வளவுதான். என் கருத்தை மொதல்லயே சொல்லிடறேன். இது நல்ல மருந்து, சில பேருக்கு ரொம்பவே நல்ல மருந்து, ஆனா இதோட பெரிய சாதனை விளக்கெண்ணெயை மருந்துலேருந்து வெளியேத்தினது. கட்டியைத் தேடிப் போகுதுங்கற பேச்சுல பாதிதான் நிரூபணம் ஆகியிருக்கு.

விளக்கெண்ணெய் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க, அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். 1962-ல அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துக் காட்டுல பசிபிக் யூங்கற மரத்தோட பட்டையை ஆர்தர் பார்க்லேன்னு ஒரு தாவரவியல்காரர் எடுத்து அனுப்பினாரு, அப்போ அங்க அரசாங்கமே ஆயிரக்கணக்கான செடிகொடிகளை வரவழைச்சு புற்றுநோய்க்கு எதாவது கேக்குதான்னு ஒவ்வொண்ணா சோதிச்சுட்டு இருந்தாங்க. வட கரோலினாவுல ரிசர்ச் ட்ரையாங்கிள் இன்ஸ்டிடியூட்ல மன்ரோ வாலும் மன்சுக் வானியும் அந்தப் பட்டையிலேருந்து மருந்தைப் பிரிச்செடுத்து 1971-ல அதோட அமைப்பை வெளியிட்டாங்க. வானி மகாராஷ்டிராவுல நந்துர்பார்ல பொறந்தவர், 2020-லதான் இறந்தாரு. நம்ம நாட்டுல தினம் எத்தனையோ பேருக்கு ஏறுற மருந்து, ஆனா அந்த மனுஷர் பேரை நம்ம ஆளுங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அது பெரிய வருத்தம். அப்புறம் 1979-ல நியூயார்க்ல சூசன் ஹார்விட்ஸ், இது எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சாங்க. செல் ரெண்டாப் பிரியும்போது குரோமோசோமை ரெண்டு பக்கமும் இழுக்கறதுக்கு நுண்குழாய்கள் உருவாகி, கலைஞ்சு, திரும்ப உருவாகின்னு போய்ட்டே இருக்கணும். பேக்லிடாக்ஸல் அதைக் கலைய விடாம இறுக்கிப் பிடிச்சுக்கும், பிரியப் போன செல் பாதியிலயே மாட்டிக்கிட்டு செத்துப் போகும்.

மருந்து சரி, ஆனா அது தண்ணில கரையவே கரையாது, கரையாததை ரத்தத்துல எப்படி ஏத்தறது? கடைசியில கிரெமஃபோர்னு ஒரு கரைப்பானைப் பிடிச்சாங்க. விளக்கெண்ணெயை எத்திலீன் ஆக்சைடோட வினை புரிய வச்சு செய்யற வழவழன்னு ஒரு திரவம் அது, அதுல பாதி, ஆல்கஹால் பாதின்னு கலந்து அதுல மருந்தைக் கரைச்சாங்க. இன்னிக்கும் சாதா பேக்லிடாக்ஸல் அப்படித்தான் வருது. ஆரம்பத்துல மனுஷங்களுக்குப் போட்டுப் பார்த்தப்போ கடுமையான அலர்ஜி, சிலர் உயிரே போயிருக்கு, ஆராய்ச்சியையே நிறுத்திடலாமான்னு யோசிக்கற அளவுக்குப் போச்சு. அப்புறம் ஸ்டெராய்டு, அலர்ஜி மருந்து எல்லாம் முன்னாடியே கொடுத்து, மெதுவா மணிக்கணக்குல ஏத்தலாம்னு ஒரு வழி பண்ணி, 1992-ல கருப்பைப்பக்கத்துல இருக்கற சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவுல அனுமதி வாங்கினாங்க.

இந்த ரியாக்ஷனை நேர்ல பார்த்தவங்களுக்குத்தான் அதோட பயம் தெரியும். ட்ரிப் ஆரம்பிச்ச மொத சில நிமிஷத்துலயே, பெரும்பாலும் மொதல் தடவையோ ரெண்டாவது தடவையோ, முகம் குப்புன்னு செவந்து போகும், நெஞ்சை இறுக்குதும்பாங்க, முதுகு வலிக்குதும்பாங்க, பிபி இறங்கும், சிஸ்டருங்க ஓடி வந்து ட்ரிப்பை நிறுத்துவாங்க. அதனாலதான் சாதா பேக்லி போடற நாள்ல டெக்ஸாங்கற ஸ்டெராய்டு, ஏவில்ங்கற அலர்ஜி மருந்து, வயித்துக்கு ஒரு ஊசின்னு மொதல்ல வரிசையா போடறாங்க. சுகர் இருக்கறவங்களுக்கு டெக்ஸா போட்டா அடுத்த ரெண்டு நாள் சுகர் எகிறிடும், ராத்திரி தூக்கம் வராது, வீட்ல எல்லாரும் கீமோதான் காரணம்னு நெனைச்சுட்டு இருப்பாங்க. இதுல இன்னொரு தொல்லை, கிரெமஃபோர் சாதாரண பிவிசி ட்ரிப் செட்டுல ஓடினா அந்தப் பிளாஸ்டிக்ல இருக்கற ரசாயனத்தையே கரைச்சு எடுத்துட்டு வரும், அதனால அதுக்குன்னு தனி செட்டு, நடுவுல ஃபில்டர் எல்லாம் வேணும். இதெல்லாம் பெரும்பாலும் கரைப்பானால வந்த வினை, மருந்தால இல்ல.

அதோட நிக்கல. ரத்தத்துக்குள்ள போன பிறகும் கிரெமஃபோர் குட்டிக் குட்டி உருண்டையா சேர்ந்துக்கிட்டு மருந்தைத் தனக்குள்ளயே பிடிச்சு வச்சுக்கும், அதனால டோஸைக் கூட்டினா கூட்டின அளவுக்குத் திசுக்களுக்கு மருந்து போய்ச் சேராது. இந்த விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இப்போ அல்புமின். கல்லீரல் தினம் 10-லேருந்து 15 கிராம் வரைக்கும் இதைச் செஞ்சு ரத்தத்துல விடுது, ரத்த பிளாஸ்மாவுல இருக்கற புரதத்துல பாதிக்கு மேல இதுதான், லிட்டருக்கு 35-லேருந்து 50 கிராம் இருக்கும். ரத்தக்குழாய்க்குள்ள தண்ணியைப் பிடிச்சு வைக்கறது இதோட முக்கியமான வேலை, அல்புமின் குறைஞ்சா காலு வீங்குறது அதனாலதான். இன்னொரு வேலை சுமக்கறது. தண்ணில கரையாத கொழுப்பு அமிலம், பிலிரூபின், நாம சாப்பிடற வார்ஃபாரின், இபுப்ரோஃபன்னு எது வந்தாலும் தன்னோட மடிப்புகள்ல ஏத்திக்கிட்டு, வேணுங்கற இடத்துல இறக்கி விட்டுடும். ரொம்ப இறுக்கியும் பிடிக்காது, ரொம்ப லேசாவும் பிடிக்காது, அதுதான் அதோட அருமை. அப்புறம் ஒரு அல்புமின் மூலக்கூறு சராசரியா 19 நாள் கிட்ட ரத்தத்துல தாக்குப் பிடிக்கும், ஏன்னா செல்லுக்குள்ள போய்ச் சிதைக்கப்படப் போற நேரத்துல ஒரு ஏற்பி அதைப் பிடிச்சுத் திரும்ப வெளிய அனுப்பிடும். வேற புரதங்களுக்கெல்லாம் இந்தச் சலுகை கிடையாது, ஆன்டிபாடிக்கும் அல்புமினுக்கும்தான்.

தண்ணில கரையாததைச் சுமக்கறதுக்குன்னே உடம்புல ஒண்ணு இருக்கும்போது எதுக்கு விளக்கெண்ணெய்னு யோசிச்சவங்கதான் பேட்ரிக் சூன்-ஷியாங்கும் நீல் தேசாயும். சூன்-ஷியாங் தென்னாப்பிரிக்காவுல பொறந்த சர்ஜன், லாஸ் ஏஞ்சலஸ்ல செட்டில் ஆனவரு, பின்னாடி அங்க ஒரு பெரிய நியூஸ்பேப்பரையே வாங்கினாரு. பேக்லிடாக்ஸலை ஆவியாகிப் போற ஒரு கரைப்பான்ல கரைச்சு, அல்புமின் கலந்த தண்ணியோட சேர்த்து, பயங்கர அழுத்தத்துல மெல்லிசான இடைவெளி வழியா பீய்ச்சினா, மருந்து பொடித் துகளா உடைஞ்சு ஒவ்வொரு துகளைச் சுத்தியும் அல்புமின் ஒட்டிக்கும், அப்புறம் கரைப்பானை ஆவியாக்கி, வடிகட்டி, உறைய வச்சு உலர்த்தினா பவுடர். ஒரு துகள் சராசரியா 130 நானோமீட்டர். 2005 ஜனவரியில மார்பகப் புற்றுநோய் பரவினவங்களுக்குப் போட அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது.

அந்தப் பவுடரைக் கலக்கறது என் வேலையில எனக்குப் பிடிச்ச வேலை, அவசரமே படக்கூடாது. ஒரு பாட்டில்ல 100 மில்லிகிராம் மருந்து, கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் அல்புமின். 20 மில்லி சலைனை ஊசியில எடுத்து, பவுடர் மேல நேரா பீய்ச்சாம, பாட்டிலோட உள்பக்கச் சுவர்ல படற மாதிரி ஒரு நிமிஷத்துக்குக் குறையாம மெதுவா விடணும். நேரா விட்டா நுரைச்சுடும், புரதம் இல்லையா. அப்புறம் அஞ்சு நிமிஷம் தொடாம வச்சுடணும், பவுடர் நல்லா ஊறணும், அதுக்கப்புறம் ஒரு ரெண்டு நிமிஷம் மெதுவா சாய்ச்சுச் சாய்ச்சுச் சுழட்டணும், குலுக்கவே கூடாது, கட்டி ஒண்ணு கூட கண்ணுக்குத் தெரியக்கூடாது. கடைசியில பார்க்க நீர்மோர் மாதிரி வெள்ளையா, லேசா இருக்கும். சாதா பேக்லி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும்னு பழகின சொந்தக்காரங்க இதைப் பார்த்ததும் மருந்து கெட்டுப் போச்சோன்னு பதறுவாங்க, இது இப்படித்தான் இருக்கணும். 30 நிமிஷத்துல ஏறி முடிஞ்சுடும், சாதாவுக்கு மூணு வாரத்துக்கு ஒரு தடவைன்னா 3 மணி நேரம். டெக்ஸா, ஏவில் பெரும்பாலானவங்களுக்குத் தேவைப்படாது, தனி செட்டும் வேண்டாம்.

ஒரு பெரியவர் ஒரு நாள் என்கிட்ட கேட்டாரு, "ஏம்மா, இதுல இருக்கறது முட்டை வெள்ளைக்கருவா, நாங்க சைவம்." முட்டை இல்லைங்கய்யா, மனுஷ ரத்தம்னு சொன்னதும் இன்னும் திகைச்சுட்டாரு, பக்கத்துல இருந்த அவரு மக "அப்பா, ரத்தம் ஏத்தினா மாதிரின்னு நெனைச்சுக்கோங்க"ன்னு சமாளிச்சாங்க. உண்மை அதுதான். யார் யாரோ கொடுத்த பிளாஸ்மாவைச் சேர்த்து அதுலேருந்து பிரிச்செடுத்த அல்புமின். இந்தப் பிரிக்கற வேலையை 1940-கள்ல ஹார்வர்டுல எட்வின் கோன் பண்ணினாரு, குளிர்ல வச்சு ஆல்கஹாலைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தா ஒவ்வொரு புரதமும் ஒவ்வொரு கட்டத்துல படிஞ்சு விழும். 1941-ல பேர்ல் ஹார்பர்ல குண்டு விழுந்து தீக்காயம் பட்ட சிப்பாய்களுக்கு அந்த அல்புமினைத்தான் கொண்டு போய் ஏத்தினாங்க. இப்போ பொதுவா அல்புமினை 60 டிகிரியில 10 மணி நேரம் சூடாக்கி வைரஸைக் கொல்றாங்க, அந்தச் சூட்டைத் தாங்கற புரதம்ங்கறதும் இதோட ஒரு அதிர்ஷ்டம். ரத்த குரூப் பொருத்தம் எதுவும் பார்க்க வேண்டாம்.

சரி, ரத்தத்துக்குள்ள ஏறின பிறகு என்ன ஆகுது? இங்கதான் விளம்பரத்துக்கும் விஷயத்துக்கும் இடைவெளி. அந்த 130 நானோமீட்டர் துகள் அப்படியே முழுசா பயணம் பண்ணி கட்டிக்குள்ள நுழையுதுன்னு படம் போட்டுக் காட்டுவாங்க. நெசத்துல ரத்தத்துல கலந்ததும் அது சீக்கிரமே கரைஞ்சு உடைஞ்சுடும், மருந்து நம்ம சொந்த அல்புமின் மேலயும் மத்த புரதங்க மேலயும் போய் ஒட்டிக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் இருக்கற ஒரு அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் டோஸ் சதுர மீட்டருக்கு 260 மில்லிகிராம்னா 416 மில்லிகிராம் மருந்து, அதோட உள்ள போற அல்புமின் 4 கிராம் கூட வராது. அந்த அம்மா ரத்தத்துல ஏற்கனவே 100 கிராமுக்கு மேல அல்புமின் ஓடுது. அப்போ பாட்டில்ல இருக்கற அல்புமினோட வேலை மருந்தை அலர்ஜி இல்லாம ரத்தத்துல கொண்டு போய் இறக்கறது, அதுக்கப்புறம் சுமக்கறது பெரும்பாலும் அந்த அம்மாவோட அல்புமினேதான். இது எனக்குப் புரிஞ்சப்போ அந்த மருந்து மேல மரியாதை கூடத்தான் செஞ்சுது, குறையல.

அப்போ கட்டிக்குப் போறது பொய்யா? பொய் இல்ல. ஜப்பான்ல குமமோட்டோ யுனிவர்சிட்டியில மட்சுமுராவும் மயேதாவும் 1986-ல ஒரு சோதனை வெளியிட்டாங்க. எவான்ஸ் ப்ளூன்னு ஒரு நீலச் சாயம் இருக்கு, ரத்தத்துல விட்டா ஓடிப் போய் அல்புமின்ல ஒட்டிக்கும், அதனால நீலம் எங்க போகுதோ அங்க அல்புமின் போகுதுன்னு அர்த்தம். கட்டி இருக்கற எலிக்கு அதைப் போட்டுப் பார்த்தா, சுத்தி இருக்கற சதை வெளிறிக் கிடக்க, கட்டி மட்டும் நீலமா நிக்கும். புற்றுநோய்க் கட்டி அவசர அவசரமா ரத்தக்குழாயை இழுத்து விட்டுக்கும், அதுல ஓட்டை ஓட்டையா இருக்கும், அல்புமின் கசிஞ்சு வெளிய வந்துடும், வந்ததைத் திரும்ப வடிக்கற நிணநீர்ப் பாதை கட்டிக்குள்ள சரியா இருக்காது, அதனால அங்கயே தேங்கிடும். நானோ மருந்துன்னு இன்னிக்கு உலகம் பூரா நடக்கற ஆராய்ச்சிக்கு அந்த நீலக் கட்டிதான் அஸ்திவாரம்.

ஆனா எலிக்கட்டி மனுஷக்கட்டி இல்ல. எலியில கட்டி வாரக்கணக்குல மடமடன்னு வளரும், மனுஷங்களுக்கு வருஷக்கணக்கு, ரத்தக்குழாயோட கசிவு ஆளுக்கு ஆள், ஏன் ஒரே ஆளுக்குள்ள ஒரு கட்டிக்கும் இன்னொரு கட்டிக்குமே மாறும். எலியில கூட கணக்கு ஒண்ணும் பிரமாதம் இல்ல, டொரான்டோவுல வாரன் சான் குழு பத்து வருஷத்துக் கட்டுரைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 2016-ல எழுதினாங்க, ஊசியில ஏத்தின நானோ துகள்ல சராசரியா 0.7 சதவீதம்தான் கட்டியில சேருதாம். அந்த எண்ணைப் படிச்சப்போ நானே ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். கட்டியைச் சுத்தி ஸ்பார்க்னு ஒரு புரதம் இருக்கு, அது அல்புமினைப் பிடிச்சு இழுக்கும், அதனாலதான் நாப்-பேக்லி கட்டியில சேருதுன்னு இன்னொரு விளக்கம் பல வருஷம் சொல்லிட்டு இருந்தாங்க. சின்ன ட்ரையல்ல, அதாவது கொஞ்சம் நோயாளிங்களுக்குப் போட்டுப் பார்த்த சோதனையில, அது சரியா வர்ற மாதிரியே தெரிஞ்சுது. பெரிய ட்ரையல்ல வந்த நோயாளிங்க கட்டியை எடுத்துப் பார்த்தா ஸ்பார்க் அதிகமா இருந்தவங்களுக்கும் கம்மியா இருந்தவங்களுக்கும் மருந்து கேட்டதுல வித்தியாசமே இல்ல. இன்னும் சில மருந்து விளம்பரப் படங்கள்ல அந்த ஸ்பார்க் அம்புக்குறி இருக்கறதைப் பார்த்தா கோவம் வருது.

ஒரே டோஸ்ல எலியில ஒப்பிட்டப்போ நாப்-பேக்லியால கட்டிக்குள்ள 33 சதவீதம் கூடுதலா மருந்து சேர்ந்துச்சுன்னு 2006-ல தேசாய் குழு காட்டினாங்க, அது உண்மையான முடிவு. ஆனா அதுல எவ்வளவு அல்புமினோட இழுப்பு, எவ்வளவு கிரெமஃபோர் உருண்டை மருந்தைப் பிடிச்சு வைக்காம விட்டதோட பலன்? ரெண்டாவதுக்குப் பெரிய பங்கு இருக்குன்னுதான் நான் நெனைக்கறேன்.

கணையப் புற்றுநோயில மட்டும் எனக்கு இந்தத் தயக்கம் கொஞ்சம் குறையுது. அந்தக் கட்டி நார் நாரா இறுகிப் போய், ரத்தக்குழாய் கம்மியா, மருந்தே உள்ள போகாத மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட இடத்துல உணவு கிடைக்காம தவிக்கற செல்கள் என்ன பண்ணுதுன்னு 2013-ல நியூயார்க்ல டாஃப்னா பார்-சாகி குழு காட்டினாங்க. ராஸ் ஜீன் கெட்டுப் போன செல், தன்னோட தோலை அப்படியே மடிச்சு வெளிய இருக்கற திரவத்தை மடக்கு மடக்கா விழுங்குது, அதுல இருக்கற அல்புமினை உடைச்சு அமினோ அமிலமாக்கித் தின்னுது. கணையப் புற்றுநோயில பெரும்பாலானவங்களுக்கு இந்த ராஸ் குடும்பத்து ஜீன் கெட்டுத்தான் இருக்கும். அல்புமினைத் தின்ன ஆலாப் பறக்கற செல்லுக்கு அல்புமின்லயே மருந்தை ஏத்திக் கொடுக்கறதுங்கறது கேக்கவே நியாயமா இருக்கு. நோயாளி உடம்புல இதுதான் நடக்குதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா ட்ரையல் முடிவு தெளிவா இருக்கு. 861 பேர், பாதிப் பேருக்கு ஜெம்சிடபைன்ங்கற வேற ஒரு கீமோ மருந்து மட்டும், பாதிப் பேருக்கு அதோட நாப்-பேக்லி. சராசரி ஆயுள் 6.7 மாசத்துலேருந்து 8.5 மாசம் ஆச்சு, ஒரு வருஷம் தாண்டினவங்க 22 சதவீதத்துலேருந்து 35 சதவீதம் ஆனாங்க. ரெண்டு மாசம் கூட இல்லையேன்னு வெளிய இருக்கறவங்க சொல்லலாம். நூறு பேர்ல 13 பேர் கூடுதலா அடுத்த பொங்கலைப் பார்க்கறாங்கன்னா கணையப் புற்றுநோயில அது சின்ன விஷயமே இல்ல, அந்த வார்டுல வேலை பார்த்தவங்களைக் கேளுங்க.

மார்பகப் புற்றுநோயிலதான் சிக்கல். 2005-ல அனுமதி வாங்கிக் கொடுத்த ட்ரையல்ல நாப் போட்டவங்கள்ல 33 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்குச்சு, சாதா போட்டவங்கள்ல 19 சதவீதம். பெரிய வித்தியாசம்தான், ஆனா டோஸைப் பாருங்க, சதுர மீட்டருக்கு நாப் 260 மில்லிகிராம், சாதா 175, மூணு வாரத்துக்கு ஒரு தடவை. அலர்ஜி இல்லாததால கூடப் போட முடிஞ்சுது, அது நாப்போட பலம்தான், மறுக்கல. ஆனா இன்னிக்குச் சாதா பேக்லியை நம்ம ஊர்ல நிறைய இடத்துல வாராவாரம் 80-ன்னு போடறாங்க, அது மூணு வாரத்து முறையை விட நல்லா வேலை செய்யும். வாராவாரம் சாதாவையும் நாப்பையும் நேருக்கு நேர் மோத விட்ட அமெரிக்க ட்ரையல்ல நாப் ஜெயிக்கல, கை கால் மரத்துப் போறதுதான் அதிகமாச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி போடற ஜெர்மன் ட்ரையல்ல கட்டி முழுசா கரைஞ்சவங்க 29 சதவீதத்துக்கு 38 சதவீதம்னு நாப் முந்துச்சு, அதே மாதிரி இத்தாலிக்காரங்க முன்னின்னு நடத்தின ட்ரையல்ல உறுதியா சொல்ற அளவுக்கு வித்தியாசம் வரல. விலையோ பல மடங்கு. அதனால வாராவாரம் சாதா பேக்லி எந்தத் தொந்தரவும் இல்லாம ஏறிட்டு இருக்கற ஒரு அக்காவுக்காக வீட்ல யாரும் நகையைத் தூக்கிட்டு அடகுக் கடைக்கு ஓட வேண்டாம், நீங்க எதையும் குறைச்சுக் கொடுத்துடல.

எப்போ இதுக்காகப் பேசலாம்னா, சாதா பேக்லியில கடுமையான ரியாக்ஷன் வந்தவங்க, சுகர் கட்டுக்கடங்காம ஸ்டெராய்டே போட முடியாதவங்க, கணையத்துல பரவின நோய் இருக்கறவங்க. இவங்க விஷயத்துல டாக்டரே பெரும்பாலும் சொல்லிடுவாரு, இல்லேன்னா நீங்க கேளுங்க, காப்பீட்டுல வருமான்னும் அப்போவே கேட்டுடுங்க. ஒரு விஷயம் மட்டும் ரொம்பக் கவனம், நாப்பும் சாதாவும் ஒண்ணுக்கொண்ணு மாத்திப் போடற மருந்து இல்ல, டோஸே வேற. சீட்டுல இருக்கற பேரும் பாட்டில்ல இருக்கற பேரும் ஒண்ணான்னு நீங்களும் ஒரு தடவை பார்க்கறதுல தப்பே இல்ல, நாங்க கோச்சுக்க மாட்டோம்.

அல்புமின் வழி இதோட முடிஞ்சு போகல. ஜெர்மனியில ஃபெலிக்ஸ் க்ராட்ஸ் குழு வெளிய செஞ்ச அல்புமினே வேண்டாம்னு, ரத்தத்துல போன சில நிமிஷத்துல நம்ம அல்புமினோட 34-வது இடத்துல இருக்கற ஒரு கந்தகக் கொக்கியைப் பிடிச்சுக்கற மாதிரி டாக்ஸோரூபிசின்ங்கற கீமோ மருந்தை மாத்திச் செஞ்சாங்க, கட்டியோட புளிப்புச் சூழல்ல மருந்து கழண்டு விழும். எனக்கு ரொம்பப் பிடிச்ச யோசனை, ஆனா மூணாம் கட்ட ட்ரையல்ல மொத்த நோயாளிங்களையும் சேர்த்துப் பார்த்தப்போ ஜெயிக்கல. சிரோலிமஸ்ங்கற இன்னொரு மருந்தை இதே நாப் முறையில செஞ்சது 2021-ல பீகோமாங்கற ரொம்ப அபூர்வமான ஒரு புற்றுநோய்க்கு அனுமதி வாங்கிச்சு. புற்றுநோய்க்கு வெளியதான் இந்த வித்தை பெரிசா ஜெயிச்சிருக்கு, சுகருக்கும் எடை குறையவும் வாரத்துக்கு ஒரு ஊசின்னு இப்போ எல்லாரும் பேசற செமாக்ளூடைடு இருக்கே, அது ஒரு கொழுப்பு வாலால அல்புமின்ல தொங்கிக்கிட்டுத்தான் ஒரு வாரம் தாக்குப் பிடிக்குது.

கடைசியா அடிக்கடி கேக்கற ரெண்டு விஷயம். ரிப்போர்ட்ல அல்புமின் கம்மியா இருக்கு, தினம் பத்து வெள்ளைக்கரு கொடுத்தா மருந்து நல்லாப் பிடிக்குமாம்மா? புரதம் சாப்பிடறது உடம்பு தேற நல்லதுதான், கொடுங்க, ஆனா புற்றுநோயில அல்புமின் குறையறதுக்குப் பெரும்பாலும் நோயால வர்ற அழற்சிதான் காரணம், முட்டையால மட்டும் அது ஏறாது, முட்டை சாப்பிட்டா மருந்து கூடுதலா வேலை செய்யும்னும் இல்ல. காலு வீங்கினாலோ எடை வேகமா இறங்கினாலோ டாக்டர்கிட்ட காட்டுங்க. அடுத்து மரமரப்பு. நாப்ல அலர்ஜி குறைவு, ஆனா நரம்புத் தொந்தரவு குறைவில்ல, அந்த 2005 ட்ரையல்லயே கடுமையான மரமரப்பு 10 சதவீதம் பேருக்கு வந்துச்சு, சாதாவுல 2 சதவீதம். முடியும் கொட்டும், வெள்ளை அணுவும் குறையும். காய்ச்சல் 100.4 தாண்டினா ராத்திரியா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. செருப்பு நழுவுறது தெரியல, சட்டை பட்டன் போட வரல, தோசைக்கல்லு சூடு விரல்ல உறைக்கலன்னா அடுத்த ட்ரிப் ஏத்தறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, டோஸைக் குறைக்கலாம், ஒரு வாரம் தள்ளலாம். கீமோவை நிறுத்திடுவாங்களோன்னு பயந்து நிறைய பேர் சொல்லாம மறைக்கறாங்க, ஏத்தின பிறகு சொன்னா அந்த டோஸை எங்களால திரும்ப எடுக்க முடியாது.